சின்னவன் அசைந்த நாள்

என் தம்பியை அவன் ஆபீசில் கொக்கு என்று கூப்பிடுவார்கள். கழுத்து நீளம், அது ஒரு காரணம். நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னால் அந்தக் கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது இன்னொரு காரணம். பேர் வைத்தவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவனுக்குக் கோபம் வராது. எதற்குத்தான் அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது! எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய கோபம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் போலிருக்கிறது.

நான் பஸ் டிப்போவில், கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷின் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்க்கிறவள். விடிந்தால் கத்தல், பொழுது போனால் கத்தல். அதனால் தன் வேலை என்னவென்று எனக்குப் புரியவைக்க அவனும் பஸ்ஸைத்தான் பிடித்தான்.

"அக்கா, பிளாக்செயின்னா ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்கோ. கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணு கிளம்பிட்டே இருக்கும். ஏறுனவன் பேரு உள்ள பதிவாயிடும். பதிஞ்சா பதிஞ்சதுதான், யாராலயும் அழிக்க முடியாது. நான் பாக்கறது பஸ்ஸை இல்ல. ஸ்டாப்புல நிக்கிற கூட்டத்தை."

அந்தக் கூட்டத்துக்குத்தான் பெண்டிங் என்று பேர். ஒருத்தர் தன் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டுப் பணமோ வேறு எதுவோ அனுப்பினால் அது உடனே உள்ளே போய்விடாது, ஸ்டாப்பில் நிற்கும். கட்டணம் கூடுதலாகக் கொடுத்தவன் முதலில் ஏறுவான். குறைத்துக் கொடுத்தவன் நிற்க வேண்டியதுதான். நின்று நின்று காணாமலும் போவான். யார் யார் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு நோடு என்று பேர். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். ஒன்று கேட்டதை இன்னொன்றிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும், ஊர் வம்பு மாதிரி. கொக்கு தன் ஆபீஸ் நோடிடம் ஏபிஐ என்கிற ஒரு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பான்: புதிதாக யார் வந்தது, நம்ம கஸ்டமருடையது ஏதாவது உண்டா, நேற்று நின்றவன் ஏறினானா, ஓடினானா? அவனும் என்னைப் போல ஒரு ஜன்னல்காரன்தான். என்ன, என் ஜன்னலில் பதில் மரியாதையாக வராது.

அவனுடைய கம்பெனி கடைகளுக்காகப் பணம் வாங்கிக் கொடுக்கும் கம்பெனி. மேனேஜருக்கு எப்போதும் அவசரம்.

"கொக்கு, கஸ்டமர் லைன்ல இருக்கார். வந்துடுச்சுன்னு சொல்லிடவா?"

"நிக்குதுன்னு சொல்லுங்க சார். வந்துடுச்சுன்னு சொல்லாதீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா!"

"இல்ல சார். பாத்தா பாத்தேன்னுதான் சொல்வேன். ஏறுன பிறகுதான் வந்துடுச்சுன்னு சொல்வேன்."

இந்த ஒரு பிடிவாதத்துக்காக அவனுக்குச் சம்பள உயர்வு தள்ளிப்போனதுண்டு. கல்யாணமும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "இப்பதானே பாத்திருக்கேன்" என்று சொன்ன மகானுபாவன் அவன். நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி சின்னவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் எங்கள் இருவருக்கும் கடைசித் தம்பி. பார்க்க லட்சணமாக இருப்பான். பேச்சில் தேன் சொட்டும். அம்மாவுக்கு அவன்தான் உசிர். கொக்கு மாதக் கடைசியில் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அம்மா கையில் வைப்பான், அம்மா அதை எடுத்து உள்ளே வைப்பாள், அவ்வளவுதான். சின்னவன் எப்போதாவது ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தால் அதை அம்மா எங்கள் குடியிருப்பில் மாடி மாடியாகக் காட்டிவிட்டு வருவாள். சின்னவன் ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டது கிடையாது. கொக்கு தன் கைக்காசில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதில் சொந்தமாக ஒரு நோடு ஓட்டிக்கொண்டிருந்தான், தொழிலைக் கற்றுக்கொள்ள. அது இருந்தது சின்னவனும் அவன் மனைவியும் தூங்கும் அறையில். சின்னவன் அதன் வழியாக எதையெதையோ வாங்குவான், விற்பான். "நாளைக்குப் பாரு, பத்து மடங்காகும்" என்பான். அந்த நாளை வந்ததே இல்லை.

ஒரு மத்தியானம் தோளில் பையை மாட்டிக்கொண்டு, "ஃப்ரெண்டைப் பாத்துட்டு வரேன்" என்று போனான். போனவன் போனவன்தான். போன் அணைந்திருந்தது. எந்த ஃப்ரெண்டுக்கும் எதுவும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தது கொக்கு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்டது கொக்கு. பிணவறையில் துணியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே நின்றதும் கொக்குதான். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நீ அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசியிருந்தா அவன் போயிருப்பானா?"

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் சின்னவன் அறைக்குள் போய், ஹோவென்று இரைந்துகொண்டிருந்த அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் அவன் உள்ளே இருப்பது போலவே இருக்கிறது என்று சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். சின்னவள் என்றால் சின்னவன் பெண்டாட்டி.

கொக்கு ஆபீசில் ஒரு காரியம் செய்தான். கஸ்டமர்களின் முகவரிகளை, அதாவது பேங்க் கணக்கு நம்பர் மாதிரி ஆளுக்கொன்றாக இருக்கும் நீள எழுத்துகளை, அவனுடைய நிரல் பார்த்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதோடு சின்னவனுடைய முகவரியையும் சேர்த்துவிட்டான். அந்த முகவரியிலிருந்து எதுவாவது ஸ்டாப்பில் வந்து நின்றால் உடனே மணி அடிக்கும். அம்மாவிடம் அதைப் பொறுமையாக விளக்கினான்.

"அதோட சாவி அவன் போன்ல இருக்கும்மா. அவனத் தவிர வேற யாராலயும் அதுல கையெழுத்துப் போட முடியாது. அது அசைஞ்சா, அவன் அசையறான்னு அர்த்தம்."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கொக்கு தினமும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அசைஞ்சுதா?" என்பாள்.

"இல்லம்மா."

சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. மழையில் நனைந்து சொட்டச் சொட்ட வந்து நின்றாலும் அதே கேள்விதான். வருடக்கணக்கில் அவனும் அதே பதிலைச் சொன்னான். நானாக இருந்தால் மூன்றாம் நாளே லேப்டாப்பைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டிருப்பேன்.

சின்னவள் கொஞ்ச காலம் அம்மாவோடு இருந்தாள். அம்மா ஒவ்வொரு கவளத்துக்கும் அவளைக் குத்திக் காட்டுவாள், "கட்டிக்கிட்டவள வெச்சுக் காப்பாத்தத் தெரியாமலா போனான், நீ என்ன சொல்லித் துரத்துனியோ" என்று. பொறுக்க மாட்டாமல் அவள் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி அரைத்து மாட்டிக் கொடுப்பாள், கடையில் அவள் கைக்குத் தனி மரியாதை. பண்டிகை, விசேஷம் எதற்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று ஊருக்குக் குழப்பமாம்.

அந்தக் கடைக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். அதைச் சரிசெய்ய வரும் மெக்கானிக்குக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடிக்கு வந்தான், பிறகு கண்ணாடி லூசாகிவிட்டது என்று வந்தான், பிறகு இறுக்கமாக இருக்கிறது என்று வந்தான். "ஒரு மனுஷனுக்கு மூக்கு இத்தனை தடவை மாறுமாக்கா?" என்று சின்னவள் என்னிடம் கேட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவனைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க சரின்னா எனக்கு எப்பவும் சரிக்கா" என்றான். வேறு பேச்சே இல்லை. இவனையாவது விடக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

சட்டப்படி ஒரு வழி இருந்தது. ஆள் காணாமல் போய், அவனைப் பற்றித் தகவல் வர வேண்டியவர்களுக்கு ஏழு வருடம் எந்தத் தகவலும் வரவில்லையென்றால், இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவிக்கலாம். அந்த ஏழும் முடிந்திருந்தது. வக்கீலைப் பிடித்தோம். மனுப் போட்டோம். பெற்றவள் வந்து 'எனக்கு ஒரு தகவலும் இல்லை' என்று சொல்ல வேண்டும். அம்மா மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் போட்ட சண்டையில் மாடி ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. கடைசியில் அவளை இணங்க வைத்தது கொக்குதான்.

"அம்மா, நீ பொய் சொல்ல வேண்டாம். அவன் செத்துட்டான்னு சொல்ல வேண்டாம். தகவல் இல்லன்னு மட்டும் சொல்லு. அது நிஜம்தானே? தினமும் நான்தானே உன்கிட்ட சொல்றேன்?"

அம்மா சரி என்றாள். கோர்ட்டில் தேதி கொடுத்தார்கள். சின்னவளும் மெக்கானிக்கும் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். அடுப்பு எங்கே வைக்கலாம் என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் செலவைக் குறைக்கிறோம் என்று சொந்த நோடை நிறுத்திவிட்டு, வெளியே வாடகைக்குக் கிடைக்கும் ஒன்றுக்கு மாறினார்கள். கொக்குக்கு அது பிடிக்கவில்லை. "யாரோ ஒருத்தன் காதால கேக்கறதுக்கா. பாதியக் கேக்காம விட்டுட்டா எப்படித் தெரியும்?" என்றான். ஒப்பிட்டுப் பார்க்கத் தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று, சின்னவன் அறையில் போர்வை போட்டு மூடிக் கிடந்த பழைய மெஷினைத் தூசி தட்டினான். ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டு, நிரலைப் புதுப்பித்து ஓட விட்டான். இத்தனை வருடம் தூங்கிய மெஷின், நடுவில் ஓடிய அத்தனை பஸ்ஸின் கணக்கையும் படித்து முடிக்கப் பல நாள் ஆகும் என்றான். அது அந்த அறையில் உட்கார்ந்து பழையபடி இரைந்துகொண்டே படித்தது.

கோர்ட் தேதிக்கு முந்தின வாரம், ஒரு காலை வேளை. டிப்போவில் மெஷின் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு கண்டக்டர் என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். போன் அடித்தது. அம்மா. பேச்சு வரவில்லை, வெறும் அழுகை. போய்விட்டது, கொக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"சின்னவன் வந்துட்டான்டி!" என்றாள் அம்மா.

"எங்கம்மா? வீட்டுக்கா?"

"அசைஞ்சுடுச்சுடி! பெரியவன் போன் பண்ணான். 'அம்மா, சின்னவன் வந்துட்டான்'னு சொன்னான். அவன் வாயால சொன்னான்!"

அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எவன் மிரட்டினாலும் 'வந்துடுச்சு' என்று சொல்லாதவன், ஸ்டாப்பில் ஒரு நிழலைப் பார்த்தவுடன் அம்மாவைக் கூப்பிட்டு 'வந்துட்டான்' என்று சொல்லியிருக்கிறான். மணி அடித்ததும் எழுந்து நின்றானாம். கை நடுங்கியதாம். பக்கத்து நாற்காலிப் பெண் தண்ணீர் கொடுத்தாளாம். பிணவறையில் துணி விலக்கிய கையல்லவா அது.

நான் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அதற்குள் அம்மா மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டாள். வக்கீலுக்கே போன் போட்டு, "என் பிள்ளை இருக்கான், தகவல் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டாள். சின்னவளுக்கும் அவளே சொன்னாளாம்: "உன் புருஷன் உயிரோட இருக்கான், அந்த லிஃப்ட்காரன வீட்டுக்குப் போகச் சொல்லு." சின்னவள் கடையிலிருந்து நேராக வந்தாள். அரைத்த கண்ணாடித் தூள் முழங்கை வரை ஒட்டியிருந்தது. அழவில்லை. "எங்க இருக்காராம்?" என்று மட்டும் கேட்டாள். கேட்ட விதத்தில் ஆசையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கொக்கு வந்து சேர்ந்தான். அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவன் கண் கலங்கிப் போய் நின்றான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, சின்னவன் எதை அனுப்பியிருக்கிறான் என்று எங்களுக்குக் காட்டினான். ஒரு படம் வாங்கியிருக்கிறான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்த, தொப்பி போட்ட ஓர் ஆமை.

"ஆமையா?" என்றேன்.

"இந்த மாதிரிப் படங்கள வாங்கி விப்பாங்கக்கா."

"பொண்டாட்டி இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கல. அம்மாவுக்கு ஒரு போன் பண்ணல. ஆமை வாங்கறானா துரை!"

"சும்மா இருடி. இருக்கானே, அது போதும்" என்றாள் அம்மா.

சின்னவள் படியிறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே மெக்கானிக் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். இருவரும் வேறு வேறு பக்கம் போனார்கள்.

நான் ஜன்னலை விட்டுத் திரும்பியபோது கொக்கு அதே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் முகம் மாறியிருந்தது.

"என்னடா?"

"அக்கா, இது பழைய மாதிரி எழுதியிருக்கு. இப்ப யாரும் இப்படி எழுதறதில்ல. கட்டணம் பாரு, அந்தக் காலத்துக் கணக்கு."

"அதனால என்ன? அவன் போன் பழசா இருக்கும்."

கொக்கு மெதுவாகக் கழுத்தைத் திருப்பிச் சின்னவன் அறைப் பக்கம் பார்த்தான். அங்கே மெஷின் ஹோவென்று இரைந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஏதோ தட்டினான், படித்தான், மறுபடி தட்டினான். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் உலுக்கிக் கேட்டதும் சொன்னான். சின்னவன் போவதற்கு முந்தின நாள் இந்த ஆமையை வாங்கக் கையெழுத்துப் போட்டு, இந்த மெஷின் வழியாக அனுப்பியிருக்கிறான். கஞ்சத்தனமாகக் கட்டணம் குறைத்துப் போட்டதால் அது ஏறவில்லை. "உன் மெஷின் தண்டம், போட்டது போகவே மாட்டேங்குது" என்று அன்று கொக்குவிடம் எரிந்து விழுந்தானாம். மற்ற நோடுகள் கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டன. ஆனால் ஒரு நோடு, அடுத்தவர் சொல்லிக் கேட்டதை மறந்தாலும், தன் கையில் நேராக ஒப்படைத்ததை மறக்காதாம். தூங்கி எழுந்தால் முதல் வேலையாக அதை மறுபடி ஊருக்கெல்லாம் அறிவிக்குமாம். இந்த மெஷின் அதைத்தான் செய்திருக்கிறது. இங்கிருந்து கிளம்பிய சத்தம் உலகத்தைச் சுற்றி, ஆபீஸ் ஜன்னலில் போய் மணி அடித்திருக்கிறது.

"கையெழுத்து அவனோடதுதான்கா. ஆனா போட்டது அன்னிக்கு. இன்னிக்கு இல்ல. இது எனக்குத் தெரியணும்கா. வேற எவனுக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சரி, பிடுங்கு பிளக்கை! அழி அதை!"

"இங்க அணைக்கலாம். வெளிய போனதை என்ன பண்றது? நிறுத்தணும்னா அவன் சாவி வேணும்."

நான் பிளக்கைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றது. உள்ளேயிருந்து அம்மா, "ஏன்டி அணைச்சே? என் பிள்ளை சத்தம் மாதிரி இருந்துச்சே" என்றாள்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கட்டணம் குறைவு, அதனால் அது ஏறாமல் நின்று நின்று எல்லா நோடுகளின் ஞாபகத்திலிருந்தும் உதிர்ந்துவிடலாம். உதிர்ந்துவிட்டால் எங்கும் பதிவில்லை, வெறும் வதந்தி. ஏறிவிட்டால்தான் வினை. பஸ் கிளம்பிய தேதிதான் பதிவாகும், டிக்கெட் எழுதிய தேதி எங்கேயும் இருக்காது. காணாமல் போனவன் இந்தத் தேதியில் இதைச் செய்தான் என்று உலகம் உள்ளவரை அது நிற்கும்.

அடுத்தவர்களுடையது ஏற வேண்டுமே என்று இத்தனை காலம் காத்துக் கிடந்தவன், இது விழ வேண்டுமே என்று காத்துக் கிடந்தான். சாப்பிடும்போதும் போனை எதிரில் வைத்துக்கொண்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "விழுந்து தொலையேன்டா சனியனே" என்று அந்த எழுத்துகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாபம் போடத் தெரியும், பலிக்கத்தான் பலிக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே உண்டுவிட்டு உறங்கும் நேரம், கூட்டம் குறைந்து கட்டணமும் இறங்கியது. அந்தக் காலத்தில் போதாத காசு இப்போது போதும் என்றாகிவிட்டது.

"ஏறிடுச்சு" என்றான் கொக்கு.

அவன் அன்றே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். பொறுமையாக, முதலிலிருந்து, இரண்டு தடவை. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவனத் தவிர யாராலயும் முடியாதுன்னு சொன்னது நீ. அசைஞ்சா அவன் அசையறான்னு சொன்னது நீ. இப்ப அவ கல்யாணத்துக்காக என் பிள்ளையச் சாகடிக்கறியா? உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அவன் மேல பொறாமைடா."

நான் கத்தினேன். கத்தி என்ன, அம்மா காதில் அவளுக்கு வேண்டியது மட்டும்தான் விழும்.

கோர்ட்டில் அம்மா, "தகவல் இருக்கு" என்றாள். கொக்குவைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்.

"இது உங்க தம்பி கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"வேற யாராவது போட்டிருக்க முடியுமா?"

"முடியாதுங்க. ஆனா அது போட்ட தேதி..."

"பதிவுல எந்தத் தேதி இருக்கு?"

அவன் தேதியைச் சொன்னான். மெஷின், பழைய ஞாபகம், மறுபடி அறிவித்தது என்று விளக்க ஆரம்பித்தான். நீதிபதி நல்ல மாதிரிதான், காது கொடுத்துக் கேட்டார். "இதுக்கு ஏதாவது ஆதாரம் வெளிய, அழிக்க முடியாத இடத்துல பதிவாகியிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றான். எல்லாம் அவன் வீட்டு மெஷினில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அழிக்க முடியாத இடத்தில் இருந்தது பொய்த் தேதி ஒன்றுதான்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சின்னவனைப் பற்றிக் கடைசியாகத் தகவல் வந்த நாளாம். எண்ணுவதாக இருந்தால் அன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டுமாம். விவாகரத்துக் கேட்கலாமே என்றேன். உயிரோடு இருப்பவனுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆள் எங்கே என்று தேட வேண்டும், மாமியார் ஒவ்வொரு படியிலும் தடை சொல்வார், அதற்கும் வருடங்கள் ஆகும் என்றார் வக்கீல். மெக்கானிக்கின் வீட்டில் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்தார்கள். இப்போது அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய வேறு ஆள் வருகிறான்.

அம்மா அந்த ஆமையை ஃபோட்டோ ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, ஃபிரேம் போட்டு, வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடம், "சின்னவன் வாங்குனது" என்கிறாள். இத்தனை வருடம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது, ஆமைதானே என்று நான் ஒரு தடவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் சின்னவள் தன் பழைய பெட்டி ஒன்றை எடுத்துப் போக வந்தாள். சுவரில் இருந்த ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா உள்ளே படுத்திருந்தாள்.

"அத்தான், இத அவர் போட்டது, போறதுக்கு முந்தின நாள்னு சொன்னீங்கல்ல?"

கொக்கு தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னேன். முக்கியமான வேலை இருக்கு, தொந்தரவு பண்ணாதன்னு மெஷின் முன்னாடி உக்காந்திருந்தார்." மறுபடி ஆமையைப் பார்த்தாள். "இதானா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கொக்கு கை நீட்டினான், வேண்டாம் என்றாள். தானே படியிறங்கிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கொக்கு ஆபீசிலிருந்து திரும்பும்போது நான் வாசலில் இருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "வேற ஏதாச்சும் அசைஞ்சுதா?"

"இல்லம்மா."

அவன் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது நான் மெல்லக் கேட்டேன். "அந்த முகவரி இன்னும் உன் லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்குக்கா."

"நிஜமாவே ஒரு நாள் அசைஞ்சா? அவன் எங்கியோ நல்லா இருந்து, நிஜமாவே எதையாவது போட்டா? அன்னியிலேர்ந்து அவளுக்கு மறுபடி எண்ண ஆரம்பிப்பாங்களேடா."

செருப்பைச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பாத்தாலும் பாக்கலன்னுதான் சொல்வேன்கா" என்றான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடப் பிறந்தவன் உயிரோடு இருந்தாலும் தெரிய வேண்டாம் என்று ஒருத்தி நிம்மதிப்படும்படி ஆகிவிட்டதே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.